சூடு தாங்காத பளிங்குகள்: வாசகர் கேள்வியும் பதிலும்

சென்ற இதழில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் படமாக்கும் புதிய வகைக் கமராக்களைப் பற்றி எழுதியபோது, அவற்றின் உணரியில் பூசப்படும் நனோ பளிங்குகளுக்கு (மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாக வகுத்தால் அதில் சில பங்கே அகலமுள்ள துகள்கள்) சூடுதான் முதல் எதிரி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஆகவே வானிலை பற்றியும் சூரிய மின்கலம் பற்றியும் எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஈயச் சல்பைட்டின் உருகுநிலை 1100 பாகை செல்சியசுக்கும் மேல் என்று படித்திருக்கிறோம். அதே பொருளாலான நனோ பளிங்கு 100, 150 பாகையிலேயே கெட்டுவிடும் என்கிறீர்கள். இரண்டில் எது சரி?
(உயர்தர வகுப்பு மாணவி, தலவாக்கலை)

பதில்: இரண்டும் சரி. ஈயச் சல்பைட்டு உருகுவதற்கு ஏறத்தாழ 1114 பாகை வேண்டும். ஆனால் நனோ பளிங்கு கெடுவதற்கு அது உருகவேண்டிய தேவையே இல்லை. பக்கத்திலிருக்கும் பளிங்கோடு ஒட்டிக்கொண்டாலோ, சற்றுப் பருத்தாலோ போதும், அதன் வேலை முடிந்துவிடும்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈயச் சல்பைட்டின் அலகுக்கூடு, பக்கம் ஒன்று 0.59 நனோமீற்றர் அளவுள்ள ஒரு கனசதுரம். அதற்குள் எட்டு அணுக்கள். 5.5 நனோமீற்றர் விட்டமுள்ள கோளம் ஒன்றின் கனவளவைக் கண்டு வகுத்துப் பார்த்தால், ஒரு பளிங்கில் மூவாயிரத்துச் சொச்சம் அணுக்களே இருப்பது தெரியவரும். வெளியே 0.3 நனோமீற்றர் தடிப்புள்ள தோலை உரித்துக் கணக்கிட்டால், அவற்றுள் ஏறக்குறைய 30 சதவீதம் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. விட்டம் 3 நனோமீற்றராகச் சுருங்கினால் இந்தப் பங்கு ஏறக்குறைய 50 சதவீதமாக உயர்ந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் பக்கமுள்ள கட்டியில் இதே பங்கு பத்து இலட்சத்தில் இரண்டுதான். பளிங்கின் உள்ளே இருக்கும் அணுவை ஆறு அயல் அணுக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. முகத்தில் இருப்பதை ஐந்து, விளிம்பில் இருப்பதை நான்கு, மூலையில் இருப்பதை மூன்று. இப்படிப் பிடி தளர்ந்த அணு இடம்மாறுவதற்கு உருகுநிலை வரும்வரை காத்திருப்பதில்லை.

கொதிக்கத் தொடங்கும் மிளகு இரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அருகருகே வரும் இரு துளிகள் தொட்ட மாத்திரத்தில் ஒன்றாகி, ஆங்காங்கே பெரிய வட்டங்கள் மிஞ்சும். மொத்த மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளும் இந்தப் போக்கு பளிங்குகளிடமும் உண்டு. போதாததற்கு, அவை தொடாமலேகூட, சிறிய பளிங்கிலிருந்து கழன்ற அணுக்கள் பெரியதில் போய் ஒட்டி, சிறியது தேயப் பெரியது வளரும். சூடு இந்த இரண்டையும் விரைவுபடுத்துகிறது.

சிறிது வளர்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். இப்பளிங்குகள் எந்த அலைநீளத்தை உறிஞ்சும் என்பதை அவற்றின் பருமனே தீர்மானிக்கிறது. இந்த உண்மையைக் கண்டறிந்து, பருமனைக் கட்டுப்படுத்திச் செய்யும் வழியையும் காட்டியதற்காகவே மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 5.5 நனோமீற்றர் ஈயச் சல்பைட்டுப் பளிங்கின் உறிஞ்சல் உச்சம் ஏறத்தாழ 1470 நனோமீற்றரில் இருக்கிறது. 6 நனோமீற்றரானால் அது 1560ஐ எட்டிவிடும். இந்த அரை நனோமீற்றர் வளர்ச்சி ஓர் அலகுக்கூட்டின் அகலத்தைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

எல்லாப் பளிங்குகளும் ஒரே சீராக வளர்ந்தாலாவது கமராவைத் திரும்ப அளவுதிருத்திக்கொள்ளலாம். அப்படி நடப்பதில்லை. சில ஒட்டிப் பெருத்துவிட, மற்றவை அப்படியே இருக்கும். பெருத்தவற்றில் இலத்திரனுக்கான சக்தி மட்டம் தாழ்வானது. சரிவில் இறங்கும் மழைநீர் வழியிலுள்ள குழிகளில் தேங்குவதுபோல, ஒளியால் பிறந்த மின்னேற்றம் மின்வாயைப் போய்ச் சேராமல் அங்கேயே தங்கிவிடும். ஒளியே படாதபோதும் கசியும் இருள்மின்னோட்டம் அதே இடங்களில் அதிகரிக்கும். படத்தில் இது மங்கலாகவும் புள்ளி புள்ளியான இரைச்சலாகவும் தெரியும்.

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் கலர் சோர்ட்டர் இயந்திரம் காம்பையும் நாரையும் நிறம் பார்த்துப் பிரிக்கிறது. ஆனால் ட்ரையரிலிருந்து விழும் தேயிலை சரியாகக் காய்ந்ததா என்பதை என் காலத்தில் கையால் அள்ளி, விரலால் நொறுக்கி, முகர்ந்து பார்த்துத்தான் சொன்னோம். இந்தக் கமரா அதைச் செய்யுமா? அந்தச் சூட்டில் நிற்குமா?
(ஓய்வுபெற்ற டீமேக்கர், அட்டன்)

பதில்: முதற்பகுதிக்கு, கொள்கையளவில் செய்யும். நீர் 1450 நனோமீற்றரை ஒட்டிய ஒளியை நன்றாகவும், 1940ஐ ஒட்டியதை இன்னும் வலுவாகவும் உறிஞ்சுகிறது. அந்த ஒளியில் பார்த்தால் ஈரமான இலை கறுப்பாகவும் காய்ந்த இலை வெளிறியும் தோன்றும். உங்கள் கலர் சோர்ட்டருக்குள் இருப்பது சிலிக்கன் உணரி. அது 1100 நனோமீற்றருக்கு அப்பால் குருடு. 1700 வரை பார்க்கும் இந்தியம் காலியம் ஆர்சனைட்டு உணரிகள் ஏற்கெனவே உள்ளன, ஆனால் தனியே வளர்த்த பளிங்குத் தகட்டைச் சிலிக்கன் சில்லின்மேல் கவிழ்த்து, நுண்ணிய இந்தியக் குமிழ்களால் பிக்சல் பிக்சலாகப் பொருத்தவேண்டியிருப்பதால் அவற்றின் விலை அதிகம். நனோ பளிங்கு மை போன்றது. சில்லின்மேல் நேரடியாகப் பூசிவிடலாம். அதன் கவர்ச்சி முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது, அப்படிப் பூசிய கமராக்கள் விற்பனைக்கும் வந்துவிட்டன.

ஆனால் ஒன்று. நன்கு காய்ந்த தேயிலையில் மிஞ்சும் ஈரம் ஏறத்தாழ 3 சதவீதம். மூன்றுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்தில் பிரித்தறிய, உணரி இன்று காட்டியதையே அடுத்த மாதமும் காட்டவேண்டும். உள்ளே பளிங்குகள் பருத்து, உறிஞ்சல் உச்சம் 1450இலிருந்து மெல்ல நகர்ந்துகொண்டே போனால், தேயிலை மாறாமலேயே கணக்கு மாறிவிடும். வெப்ப உறுதி என்பதை ஆய்வாளர்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இது. ஓட்டம் நின்றுபோன கமராவை நாம் கண்டுபிடித்துவிடுவோம். பொய் சொல்லும் கமராவைக் கண்டுபிடிக்க மாட்டோம். அந்த நிலைமையில் உங்கள் மூக்கையே நம்புவேன்.

ட்ரையரின் சூட்டைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. கமராவை ஒரு மீற்றர் தள்ளி நிறுத்தி, கண்ணாடிச் சாளரம் வைத்து, காற்றோட்டம் கொடுத்தால் உணரி 50 பாகைக்குள் இருக்கும். உருளையிலிருந்து இறங்கும் கொழுந்து கட்டிபிடித்து வருவதையும், ரோல் பிரேக்கரில் போட்டு அதை உடைத்துச் சலிப்பதையும் நீங்கள் ஆயிரம் முறை பார்த்திருப்பீர்கள். நனோ பளிங்குகளும் அழுத்தமும் சூடும் கிடைத்தால் அப்படித்தான் கட்டிபிடிக்கும். ஆனால் அவற்றைத் திரும்ப உடைத்துப் பிரிக்க ஒரு ரோல் பிரேக்கர் இல்லை.

கேள்வி: கைத்தொலைபேசி திருத்தும்போது ஹாட் எயாரை 350 பாகையில் வைத்து ஐசியைக் கழற்றுகிறோம். இந்த உணரியையும் அப்படிக் கழற்றி மாற்ற முடியுமா?
(கைத்தொலைபேசி திருத்துநர், பதுளை)

பதில்: முயலவேண்டாம். உங்கள் குழாய் முனையில் 350 இருந்தாலும் பலகையில் ஈயமற்ற பற்றாசு உருகுவது 217 பாகையளவில். தொழிற்சாலை உலைகளில் 240 முதல் 260 பாகைவரை சில பத்து விநாடிகள் வைத்து எடுக்கிறார்கள். பாதுகாப்பில்லாத ஈயச் சல்பைட்டுப் பளிங்குப் படலம் அந்தச் சில விநாடிகளையே தாங்காது. சாதாரணக் கமராவுக்கும் பிளாஸ்டிக் வில்லையும் நிற வடிகட்டியும் இருப்பதால்தான் பெரும்பாலும் அதை ரிப்பன் கேபிளின் முனையில் கொக்கிபோல மாட்டும்படி செய்திருக்கிறார்கள். அதுபோலவே இதுவும் வந்தால் கழற்றி மாட்டுவது இலகு.

உங்கள் கேள்வியின் உண்மையான பெறுமதி வேறிடத்தில் இருக்கிறது. இந்த உணரி தன் வாழ்நாளில் காணும் மிகப் பெரிய சூடு, அது கமராவாக வேலை செய்யும்போது வருவதில்லை, கமராவாக ஆகும்போதே வந்து போய்விடுகிறது. சில்லில் நுண்வடிவங்களைப் பதிக்க உதவும் ஒளிவார்ப்புப் பசையைச் சுடுவதற்கு 100 பாகையை ஒட்டி, மேல்மூடியை ஒட்டும் பசை இறுகுவதற்கு அதைவிடக் கூட, பற்றாசுக்கு 260 என்று ஒவ்வொரு கட்டத்திலும் அது சூடு காண்கிறது. சிலிக்கன் சில்லுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பளிங்குப் படலத்துக்காக இந்தக் கட்டங்களையெல்லாம் மாற்றியமைக்கவேண்டுமென்றால், மலிவாகச் செய்யலாம் என்ற ஆதாயம் அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி: பளிங்குகளைச் சுற்றி எண்ணெய் மூலக்கூறுகள் போர்த்தியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவை ஒன்றையொன்று தொடாமல் காக்காதா? இல்லையென்றால், மட்பாண்டத்துக்கு மெருகு பூசுவதுபோல வேறு பொருளால் உறுதியான ஓடு போட்டால் என்ன?
(விஞ்ஞான ஆசிரியர், பண்டாரவளை)

பதில்: ஐயா, இந்தத் துறையினர் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் இடத்துக்கே நேராக வந்துவிட்டீர்கள்.

செய்யும்போது பளிங்கைப் போர்த்தியிருப்பது பெரும்பாலும் ஒலெயிக் அமிலம். ஒலிவ் எண்ணெயில் நிறைய உள்ள, பதினெட்டுக் காபன்கள் கொண்ட நீண்ட சங்கிலி அது. நன்றாகத்தான் காக்கிறது, ஆனால் அது மின்கடத்தாப் பொருள். அந்தப் போர்வையோடே பூசினால் ஒரு பளிங்கில் பிறந்த மின்னேற்றம் அடுத்ததற்குத் தாவமுடியாது, உணரி ஊமையாகிவிடும். ஆகவே பூசும்போது அதை நீக்கி, எதேன் டைதயோல் போன்ற குட்டையான மூலக்கூறையோ அயடைட்டு, புரோமைட்டு அயன்களையோ அவ்விடத்தில் வைக்கிறார்கள். மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. பளிங்குகளுக்கு இடையிலிருந்த தூரமும் போய்விடுகிறது. கடத்தவேண்டுமானால் நெருங்கவேண்டும், நெருங்கினால் ஒட்டும். இந்தத் துறையின் எல்லா வைத்தியங்களும் இந்த ஒரு முரணைச் சுற்றியே வருகின்றன.

அதிலும் அகச்சிவப்புக்கான பளிங்குகளுக்கு ஒரு தனித் துரதிர்ஷ்டம் உண்டு. ஈயச் சல்பைட்டுப் பளிங்கில் இருவகை முகங்கள் முக்கியமானவை. ஒன்றில் ஈய அணுக்கள் மட்டுமே வெளியே நிற்கும்; அங்கே போர்வை மூலக்கூறுகள் இறுகப் பற்றிக்கொள்ளும். மற்றதில் ஈயமும் கந்தகமும் மாறிமாறி நிற்கும். அது மின்னளவில் நடுநிலையானது, எதுவும் அதில் சரியாகப் பிடித்து நிற்காது. பளிங்கு சிறிதாக இருக்கும்வரை முதல்வகை முகமே மேலோங்கும். நீண்ட அலைநீளத்துக்காகப் பளிங்கைப் பெரிதாக்கினால் இரண்டாம் வகை முகம் விரிகிறது. இரு பளிங்குகளின் போர்வையில்லாத அத்தகைய முகங்கள் எதிரெதிரே வரும்போது, செங்கல்லின்மேல் செங்கல் வைத்ததுபோல ஒன்றோடொன்று பொருந்தி இணைந்துவிடும். நமக்கு எவ்வளவு நீண்ட அலைநீளம் தேவையோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடுகிறது.

இனி நீங்கள் சொன்ன ஓடு. ஈயச் சல்பைட்டைக் கட்மியம் கரைசலில் இட்டால், மேற்பரப்பிலுள்ள ஈய அயன்கள் வெளியேறி அவ்விடத்தில் கட்மியம் அமர்ந்து, வெளியே கட்மியம் சல்பைட்டு ஓடு தானாகவே உருவாகும். நேர்த்தியான முறை. ஆனால் உள்ளே இருந்த கரு அந்த அளவுக்குச் சிறுத்துவிடும் என்பதால், தொடங்கும்போதே பெரிய பளிங்கை எடுக்கவேண்டும்.

இன்னும் நீண்ட அலைநீளங்களுக்குப் பயன்படும் பாதரசத் தெலுரைட்டில் சிக்கல் அதிகம். கட்டிப் பொருளாக அதன் உருகுநிலை 670 பாகை. நனோ பளிங்காகவோ 100 பாகையை ஒட்டிய வெப்பநிலையில்தான் அது செய்யப்படுகிறது, ஏறத்தாழ அதே சூட்டில் கெடவும் செய்கிறது. நல்ல ஓட்டை வளர்ப்பதற்கு வழக்கமாக 200 பாகைக்கு மேல் தேவை. சூட்டிலிருந்து காக்கும் ஓட்டைப் போடுவதற்கே அது தாங்காத சூடு வேண்டியிருக்கிறது! ஆகவே அறை வெப்பநிலைக் கரைசலில் ஒரு முறை கட்மியம், ஒரு முறை கந்தகம் என்று மாறிமாறித் தோய்த்து ஓரடுக்காகக் கட்டும் முறையை நாடுகிறார்கள். மெதுவான வேலை, அடுக்குகளும் சீராக அமைவதில்லை.

ஓடு போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பாதரசத் தெலுரைட்டின் அலகுக்கூடு 0.646 நனோமீற்றர், கட்மியம் தெலுரைட்டினுடையது 0.648, கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஆதலால் ஓடு விரிசலின்றிப் படிகிறது. அதே காரணத்தால் சூட்டில் பாதரசமும் கட்மியமும் ஒன்றன் இடத்துக்கு மற்றது இலகுவாகப் போய்க் கலந்துவிடுகின்றன, அப்போது உச்சம் குறுகிய அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது. ஓட்டுக்குக் கட்மியம் சல்பைட்டை எடுத்தால் அதன் கூடு 0.582 மட்டுமே, பொருத்தமின்மையால் எல்லையில் இறுக்கமும் குறைகளும் சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடு தடித்தால் மின்னேற்றத்துக்கு அது சுவராகிவிடும். காக்கப் போட்ட கதவால் வீட்டுக்காரனே உள்ளே வர முடியாத கதை.

ஒவ்வொரு பளிங்குக்கும் தனித்தனி ஓடு போடாமல், படலம் முழுவதையும் பூசிய பிறகு, பளிங்குகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகளை அலுமினியம் ஒட்சைட்டால் நிரப்பும் வழி ஒன்று உண்டு. அலுமினியச் சேர்வை ஆவியை ஒரு முறையும் நீராவியை ஒரு முறையும் மாறிமாறிச் செலுத்த, ஓர் அணு அடுக்குக்கு மேல் ஓர் அணு அடுக்காக அது துளைகளுக்குள் வளரும். 100 பாகைக்குக் குறைவாகவும் செய்யலாம். மின்கடத்தும் நெருக்கத்தைக் குலைக்காமலே பளிங்குகள் நகரமுடியாதபடி சுற்றிலும் கட்டிவிடுகிறது, காற்றிலுள்ள ஒட்சிசனையும் உள்ளே விடுவதில்லை. சூட்டில் ஒட்சிசனும் சேர்ந்தால் ஈயச் சல்பைட்டின் மேற்பரப்பு சல்பேற்றாக மாறிவிடும் என்பதால் இது சிறிய நன்மையன்று. என்னைக் கேட்டால், ஓட்டையும் இந்த நிரப்பலையும் சேர்த்துச் செய்வதில்தான் நம்பிக்கை வைப்பேன். ஒரு குறை மட்டும் மிஞ்சும்: ஈயச் சல்பைட்டு சூட்டில் விரிவடையும் அளவு சிலிக்கனைப் போல ஏழு மடங்குக்கும் மேல். விறைப்பாகக் கட்டிய படலம் சூடேறிக் குளிரும்போது வெடிப்பு விடக்கூடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தை, மாசியில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்குச் செடி கருகுகிறது. வெப்பத்தைப் பார்க்கும் கமராவை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். குளிரான ஊரில் இந்தச் சூட்டுப் பிரச்சினை இருக்காதுதானே?
(மரக்கறிச் செய்கையாளர், நுவரெலியா)

பதில்: நீங்கள் தேடும் கமரா வேறு. இலையின் வெப்பநிலையைக் காட்டும் கமராக்கள் 10 மைக்ரோமீற்றரை ஒட்டிய நீண்ட அலைகளைப் பார்க்கின்றன. அவற்றில் பெரும்பாலும் வனேடியம் ஒட்சைட்டாலான நுண்வெப்பமானிகளே இருக்கின்றன. நனோ பளிங்கு இல்லை. ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்துக் கவலைப்படவேண்டாம்.

ஆனால் குளிரில் வேலை செய்தால் சூட்டுப் பிரச்சினை இல்லை என்ற ஊகம் தவறு. 3 முதல் 5 மைக்ரோமீற்றர்வரை பார்க்கும் உயர்தர உணரிகளை, இரைச்சலை அடக்குவதற்காக, வெற்றிடக் குடுவைக்குள் வைத்து சைபருக்குக் கீழே 190 பாகையளவுக்குக் குளிர்விக்கிறார்கள். அந்த வெற்றிடம் பல ஆண்டுகள் நிலைக்கவேண்டுமானால், உட்சுவர்களில் ஒட்டியிருக்கும் நீராவியையும் வாயுக்களையும் வெளியேற்றுவதற்காக, உணரியோடு சேர்த்துக் குடுவையை நாட்கணக்கில் சூடாக்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் குளிரில் இருக்கப்போகும் பளிங்கு முதலில் அந்தச் சூட்டைக் கடந்துதான் அங்கே போகிறது.

கேள்வி: எங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு இத்தலைப்பை எடுக்க நினைக்கிறோம். ஒரு மாதிரிப் படலம் "வெப்ப உறுதியானது" என்று எதை வைத்துச் சொல்வது?
(பல்கலைக்கழக மாணவர்கள் இருவர், கண்டி)

பதில்: எத்தனை பாகை, எவ்வளவு நேரம், எந்த வாயுவில் என்ற மூன்றும் இல்லாமல் அந்தச் சொல்லை எழுதாதீர்கள். நைதரசனில் 150 பாகையைத் தாங்கிய படலம் காற்றில் 90இலேயே போய்விடலாம்.

பத்துப் பாகைக்கு ஒரு முறை வேகம் இரட்டிக்கும் என்ற பழைய கைக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். 150 பாகையில் ஒரு மணி நேரம் தாங்கியது, 50 பாகையில் 1024 மணி நேரத்துக்கு, அதாவது 43 நாட்களுக்குத்தான் சமம். உண்மையான ஏவற்சக்தி, அதாவது மாற்றம் நடக்க அணுக்கள் தாண்டவேண்டிய சக்தித் தடை, அதிகமாக இருந்தால் இந்தக் காலம் பல மடங்கு நீளும். எனவே மூன்று நான்கு வெப்பநிலைகளில் அளந்து அந்தச் சக்தியை நீங்களே கண்டுபிடியுங்கள், ஒரே வெப்பநிலையில் அளந்து முடிவு எழுதவேண்டாம். மின்னணுத் தொழிலில் வழக்கமான 85 பாகை, 85 சதவீத ஈரப்பதன், 1000 மணி நேரம் என்ற சோதனைக்கு ஏறத்தாழ 42 நாட்கள் வேண்டும், முழுவதும் முடியாவிட்டால் அதில் பாதியாவது செய்யலாம்.

உறிஞ்சல் உச்சம் நகர்ந்ததா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. உச்சம் அசையாமல் அகலம் மட்டும் கூடியிருந்தால் சில பளிங்குகள் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று பொருள். எக்ஸ் கதிர் கோணலில் (பளிங்கில் பட்டு விலகும் கதிர்கள் காட்டும் கோலத்தில்) கோடுகள் கூர்மையாகின்றனவா என்று பாருங்கள். பளிங்கு வளர வளர அவை ஒடுங்கும். மின்வாய் வைக்க முடியுமானால் இருள்மின்னோட்டத்தை அளவிடுங்கள், மூன்றிலும் முதலில் காட்டிக்கொடுப்பது அதுவாகவே இருக்கும்.

ஈயம், கட்மியம், பாதரசம் மூன்றும் நஞ்சு. ஐரோப்பிய விதிகள் மின்னணுப் பொருட்களில் கட்மியத்தை 0.01 சதவீதத்துக்கும் மற்ற இரண்டை 0.1 சதவீதத்துக்கும் மட்டுப்படுத்துகின்றன. புகை உறிஞ்சும் அலமாரி இல்லாத இடத்தில் தொடங்கவேண்டாம். பாதரசத்தை விட்டுவிட்டு ஈயச் சல்பைட்டோடு நில்லுங்கள். ஜகதீஸ் சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற உணர்கருவியில் பயன்பட்ட கலீனா என்ற கனிமமும் இதே ஈயச் சல்பைட்டுத்தான், அன்றிலிருந்து சேர்ந்த அறிவு நிறைய உண்டு. ஒரே குடுவையிலிருந்து ஒரே நாளில் பூசிய கண்ணாடித் துண்டுகளில் நான்கையாவது சூடுகாட்டாமல், வெளிச்சம் படாமல், நைதரசனுக்குள் வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து, சூட்டில் மாறியது எது, சும்மா இருந்தே மாறியது எது என்று பிரித்துச் சொல்ல அந்த நான்கு துண்டுகளும் உங்களுக்குத் தேவைப்படும்.